பொங்கச்சோறும் பசுவின் வயிறும்



பொங்கல் கழிந்த கையோடு கால்நடை மருத்துவமனைகளுக்கு ஒரே மாதிரி நோயோடு மாடுகள் வருவதுண்டு. வயிறு உப்பியிருக்கும், அசை போடாது, சில மாடுகளால் எழுந்திருக்கவே முடியாது. விசாரித்தால், "பொங்கச்சோறு வச்சோம் டாக்டர், ஆசையாத் தின்னுச்சு" என்பார்கள். பிரியமாக வைத்த சோறு மாட்டை ஏன் சாய்க்கிறது? அதற்கு, தின்ற தீனி நொதிக்கும் அசையூண் வயிற்றின் உட்சுவரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த பசுவின் அசையூண் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதிலுள்ள நுண்ணுயிர்கள் புல்லையும் வைக்கோலையும் நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் கிடைக்கிறது. ஆனால் அவை உள்ளே தேங்கக் கூடாது. உட்சுவர் முழுக்க முளைத்திருக்கும் சின்னஞ்சிறு நீட்சிகள் அவற்றை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புகின்றன. அமிலத்தை வாங்கிக்கொண்டு, அதன் கடுமையைத் தணிக்கும் பைகார்பனேட் அயனியை உள்ளே விடுகின்றன.

எச்சிலும் இதற்குத் துணை. அசை போடும் பசுவுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டர் அளவுக்கு எச்சில் ஊறும். அதில் சோடியம் பைகார்பனேட் நிறைய உண்டு. இவ்வளவு சோடியத்தையும் இழந்தால் மாடு தாங்காது. ஆகவே வயிற்றுச் சுவரே அதில் பெரும்பகுதியை இரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த வேலையைச் செய்வது செல்களிலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப்: மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதை நண்டின் நரம்பில் கண்டறிந்தார். 1997இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நண்டு, மாடு, மனிதர் எல்லோருக்கும் அதே பம்ப்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்போது சோற்றுக்கு வருவோம். வைக்கோல் மெல்ல நொதிக்கும். வெந்த அரிசி மளமளவென்று நொதிக்கும். லாக்டிக் அமிலம் குவியும். மென்று அசை போட நார் இல்லாததால் எச்சிலும் குறையும். சுவர் எவ்வளவு உறிஞ்சினாலும் ஈடுகொடுக்க முடியாது. உள்ளே கரைபொருள் கூடுவதால் இரத்தத்திலிருந்து நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். சுவர் புண்ணாகும். அந்தப் புண் வழியே கிருமிகள் கல்லீரல் வரை போய்ச் சீழ்க்கட்டியை உண்டாக்கும்.

மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடி ஊட்டினால் போதும். பானைச் சோற்றை மாட்டின் முன்னால் கொட்டாதீர்கள். தவறித் தின்றுவிட்டால், வயிறு உப்பும் வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.