பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

காலையில் சாவியைத் திருப்பினால் கார் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறதா? புது பேட்டரி வாங்கக் கிளம்புமுன் ஒரு மல்டிமீட்டரை எடுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், இன்ஜினைப் போடாமல் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு அளங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை வரும். வோல்ட் ஏறவே இல்லையென்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். அது நல்ல பேட்டரியையும் கொதிக்கவைத்துக் கெடுத்துவிடும்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது டைனமோ காலத்துப் பழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மின்னழுத்தம் சட்டென்று எகிறி, இன்றைய கார்களின் மின்னணுப் பாகங்களைப் பொசுக்கிவிடும்.

டேஷ்போர்டில் சிவப்பாக எரியும் பேட்டரி விளக்கையும் மதியுங்கள். அந்த விளக்கு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்கிறது. மேட்டுப்பாளையத்தில் அது எரிந்தால் குன்னூர் மலைப்பாதையில் ஏறாதீர்கள். சில கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் இன்ஜினும் சூடேறிவிடும். ஏசியை அணைத்து, அங்கேயே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள்.