மேய்ச்சல் திடலில் மரம் வளர்ப்போம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆடுமாடுகள் மேய்ந்து வந்த நமது கிழக்குத் திடலில் சென்ற சித்திரையில் நாம் நட்ட 60 கன்றுகளுள் இன்று 4 மட்டுமே உயிருடன் நிற்கின்றன. வெயிலின்மீது பழிபோடுவது எளிது. ஆனால், குறை நமது ஆயத்தத்தில்தான் இருந்தது என்பதை, அன்று மண்வெட்டி பிடித்தவர்களுள் ஒருவனாகிய நான் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாப் புல்வெளியும் மரம் நடுவதற்கு உரியதன்று. நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளில் 20ஆம் நூற்றாண்டில் சீகையும் தைலமரமும் பெருமளவில் நடப்பட்டமையால் அப்புல்வெளிகளின் பெரும்பகுதி அழிந்தது. நமது திடலோ தோப்பாக இருந்து, பின்னர் மேய்ச்சலுக்கு விடப்பட்டது என்பதை முதியோர் அறிவர். எனவே இங்கு மரம் நடுவது பொருத்தமே.

பல்லாண்டுகள் கால்நடைகள் மிதித்த மண் இறுகிவிடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடும். இளவேர் பரவ வழியின்றிக் குழிக்குள்ளேயே சுருளும். புல்லின் வேர்கள் மேல்மண்ணைப் பற்றியிருப்பதால், நாம் ஊற்றும் நீரையும் புல்லே முதலில் உறிஞ்சிக்கொள்ளும்.

ஆகவே, கோடையிலேயே 2 அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, ஓரிரு மாதங்கள் ஆறவிட வேண்டும். குழியின் பக்கங்களைக் கடப்பாரையால் கொத்திவிட வேண்டும். மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். மக்காத சாணம் கறையானை அழைக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேம்பு, புங்கம், புளி, நாவல் ஆகியவற்றை நடலாம். கன்றைச் சுற்றி 3 அடி அகலத்திற்குப் புல்லை வேரோடு நீக்கி, தண்டில் படாமல் சருகால் மூடாக்கு இட வேண்டும்.

அடுத்தது வேலி. அத்திடலில் ஆடு மேய்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நமது மஹல்லாவிலேயே உள்ளன. முழுத் திடலையும் ஒரே நாளில் அடைத்தால் அவர்களது பிழைப்பில் மண் விழும். அவர்களோடு கலந்து பேசி, ஆண்டுக்கு ஒரு பகுதியாக வேலியிடுவோம். வேலிக்குள் வளரும் புல்லை அவர்களே அறுத்துச் செல்லட்டும். அவர்களது ஆட்டுக்குத் தீனி கிடைக்கும். நமது கன்றும் பிழைக்கும்.

இவ்வாண்டு 20 கன்றுகள் போதும். குறைந்தது இரண்டு கோடைகள் நீரூற்ற, வீட்டிற்கு ஒரு கன்று வீதம் பொறுப்பேற்க வேண்டும். இசைவுள்ளோர் பங்குனிக்குள் நிர்வாகிகளிடம் பெயர் தருமாறு வேண்டி அமர்கிறேன்.