டேப்பட் சத்தம்

பைக்கோ ஆட்டோவோ வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்வது, “டேப்பட் சத்தம் கேட்குது, கொஞ்சம் டைட் வையுங்க” என்பது. சத்தம் அடங்கினால் வேலை சுத்தம் என்று நம்புகிறோம். பிறகு வண்டி மிஸ் அடித்தால் பழி பிளக்கின்மேல் விழுகிறது. ஆனால் சத்தம் போடும் டேப்பட்டைவிட, இறுக்கி வாயடைத்த டேப்பட்தான் எஞ்சினுக்குப் பெரிய ஆபத்து.

காரணம் வெப்பம். எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு பழுக்கக் காய்கிறது. அந்தச் சூட்டில் பெரும்பங்கு, வால்வு மூடி சீட்டில் அழுந்தியிருக்கும் நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கும். சூடேறினால் வால்வுத் தண்டு நீளும். அதற்கு இடம் தரவே, வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கையொட்டிய இடைவெளி விடுகிறார்கள். இந்த இடைவெளியைச் சரிசெய்வதைத்தான் டேப்பட் வைப்பது என்கிறோம். அது போய்விட்டால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், சூடு இறங்க வழியின்றி வால்வின் விளிம்பு கருகும். மெதுவாக ஓடும்போது கசிவுக்கு நேரம் அதிகம் என்பதால் ஐடிலிங்கில் தடுமாறும் வண்டி, வேகமெடுத்ததும் சரியானதுபோல ஏமாற்றும். யாரும் இறுக்காமலே இடைவெளி குறைவதும் உண்டு, சீட் தேயத் தேய வால்வு மேலேறுவதால். முன்பு ஈயம் கலந்த பெட்ரோலில் ஈயம் சீட்டின்மேல் படிந்து அதைக் காத்தது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் அந்த ஈயத்தை இந்தியா 2000-இல் கைவிட்டது மிகச் சரியான முடிவு. கடினப்படுத்திய சீட்டுகள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. எல்பிஜி, சிஎன்ஜி வாயுக்களிலும் அப்படிப் படிய எதுவுமில்லை. ஆகவே கேஸ் ஆட்டோ ஓட்டுபவர்கள் டேப்பட்டைத் தவணை தவறாமல் பார்ப்பது நல்லது.

மிஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் பிளக்தானே காரணம் என்று கேட்கலாம். உண்மை, பிளக், காயில், காற்றுக் கசிவு இவற்றை முதலில் பார்ப்பதே முறை. புதுப் பிளக் போட்டும் தீராதபோது அடுத்த பொருளை வாங்குமுன் கம்ப்ரஷனை அளந்து பாருங்கள் என்றே சொல்கிறேன். லூஸான டேப்பட்டும் கெடுதல் செய்யும்தான்: வால்வு தாமதமாக, குறைவாகத் திறக்கும், பிக்கப் குறையும், பாகங்கள் மோதித் தேயும். ஆனால் அது சத்தம் போட்டு நம்மை எச்சரிக்கிறது. இறுகியதோ சத்தமே இல்லாமல் வால்வைக் கருக்கிவிடும். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள வண்டிகளுக்கு மட்டும் இந்த அளவு வைக்கும் வேலை இல்லை.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஃபீலர் கேஜ் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டேப்பட் வைக்கச் சொல்லுங்கள். சத்தம் போனதா என்று கேட்காதீர்கள். என்ன அளவு வைத்தீர்கள் என்று கேளுங்கள்.