மொஸ்தார்ப் பாலமும் நீதித் தராசும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



ஒரு பாலத்தைப் பற்றிப் பேசவே இன்று உங்கள் முன் நிற்கின்றோம். நம் நாட்டுப் பாலமன்று அது. ஐரோப்பாவின் தென்கிழக்கே, பொஸ்னியா ஹெர்ஸகோவினா நாட்டில், நெரெத்வா நதியின் மேல் அமைந்த கற்பாலம். மொஸ்தார் நகரத்துப் 'பழைய பாலம்' என்று உலகம் அதனை அறியும். நியாயவாதிகளுக்குப் பாலத்தில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். அந்தப் பாலத்தின் பேரில் ஒரு வழக்கு நடந்தது. அதன் இறுதித் தீர்ப்பு, பழமையான கட்டடம் ஒன்றையேனும் தம் ஊரில் வைத்திருக்கும் எந்த மக்களையும் தொடுவது. அதனாற்றான் பேசுகின்றோம்.

காணி வழக்குகளில் நாம் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. உறுதி பொய் சொல்லும். சாட்சிக்காரன் பொய் சொல்லுவான். எல்லைக் கதியாலைக்கூட இரவோடிரவாக நகர்த்தி விடுவார்கள். பழைய கிணற்றுக் கட்டு மட்டும் நகராது. எனவே முதலிற் கல்லை விசாரிப்போம்.

மொஸ்தார் என்ற பெயரே பாலத்திலிருந்து பிறந்தது. அந்நாட்டு மொழியில் 'மொஸ்த்' என்றால் பாலம்; 'மொஸ்தாரி' என்போர் பாலக் காவலர். கற்பாலம் எழுமுன்னரே அவ்விடத்தில் சங்கிலிகளில் தொங்கிய மரப்பாலம் ஒன்று இருந்தது. காலை வைத்தால் ஊஞ்சல் போல் ஆடும். மக்கள் அஞ்சி அஞ்சியே கடந்தனர். இது வாய்வழி வந்த கதை மாத்திரமன்று. பாலத்தின் இரு தலைப்பிலும் நிற்கும் கோபுரங்களுள் தாரா எனப்படுவதன் அடியில் 2002ஆம் ஆண்டு அகழ்வாராய்ச்சி நடந்தபோது, முந்திய மரப்பாலத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. ஆக, நகரம் தோன்றியபின் பாலம் போடப்படவில்லை. பாலம் இருந்ததனால் நகரம் தோன்றிற்று. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வழக்கிற்கு வேண்டியிருக்கும்.

துருக்கிச் சுல்தான் சுலைமான் கற்பாலம் கட்டக் கட்டளையிட்டான். 1557இல் தொடங்கிய வேலை 1566இல், சுல்தான் மறைந்த அதே ஆண்டில், நிறைவெய்தியது. கட்டியவர் ஹயிருத்தீன், பெருஞ்சிற்பி சினானின் மாணாக்கர். ஆற்றின் நடுவே தூண் இல்லை. ஏறத்தாழ 29 மீற்றர் அகலத்தை ஒரே வளைவு தாவுகின்றது. பாதையின் அகலமோ ஏறக்குறைய 4 மீற்றர்தான். நீர்மட்டத்திலிருந்து வளைவின் உச்சி சுமார் 20 மீற்றர் உயரம். சாரத்தைப் பிரிக்கும் நாளில் வளைவு விழுந்துவிடுமென அஞ்சிய ஹயிருத்தீன் தமக்குத் தாமே புதைகுழி தோண்டி வைத்திருந்தார் என்றொரு கதை அவ்வூரில் உண்டு. கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அந்த அச்சத்தை மட்டும் நாம் நம்புகின்றோம்.

கல், அவ்வூர்க் கல்லே. 'தெனெலியா' எனப்படும் வெளிறிய சுண்ணாம்புக்கல். வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட இறுகும் தன்மையது. கல்லோடு கல்லைப் பிணைக்க இரும்புப் பட்டைகளைக் குழியிற் பதித்து, உருக்கிய ஈயத்தை அக்குழிகளில் ஊற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிணைப்பே நானூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வளைவைக் காத்து நின்றது. 1664இல் அங்கு சென்ற துருக்கிய யாத்திரிகர் எவ்லியா செலெபி, பாலத்தின் உச்சியிலிருந்து ஊர் இளைஞர் ஆற்றிற் குதித்ததைக் கண்டு எழுதிவைத்தார். இன்றும் குதிக்கிறார்கள்.

இனிப் போருக்கு வருவோம். 1992இல் சேர்பியப் படைகளோடு நடந்த போரில் நெரெத்வாவின் மேலிருந்த மற்றைய பாலங்கள் தகர்ந்தன. பழைய பாலம் காயத்தோடு தப்பிற்று. ஊர் மக்கள் பலகையும் தகரமும் கொண்டு அதற்குக் கூரை போட்டனர். வாகனச் சக்கர றப்பர்களைக் கட்டித் தொங்கவிட்டனர். குண்டுக்கு முன் றப்பர் எம்மாத்திரம்? ஆயினும் பெற்ற தாய்க்குப் போர்வை போர்த்துவது போல் போர்த்தினார்கள். அன்று தோளோடு தோள் நின்ற குரோவாசியரும் பொஸ்னிய முஸ்லிம்களும் 1993இல் தம்முள் மோதினர். அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் குரோவாசியப் படையின் தாங்கியொன்று நாள் முழுவதும் பாலத்தை நோக்கிச் சுட்டது. மறுநாட் காலை வளைவு ஆற்றில் வீழ்ந்தது.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அதே 1993இல் நிறுவிய யூகோசுலாவியக் குற்ற நீதிமன்று, குரோவாசியத் தரப்பின் அரசியல், படைத் தலைவர்கள் ஆறு பேரை ஹேக் நகரில் விசாரித்தது. பாலம் அவ்வழக்கின் ஒரு பகுதியே. கொலை, சிறையடைப்பு, ஊரைவிட்டு விரட்டல் என்பன அதனினும் பெரிய குற்றங்கள். 2013 மே 29ஆம் நாள் விசாரணை மன்று பெரும்பான்மையாற் சொன்னது இது: முஸ்லிம் தரப்பின் படை அப்பாலத்தைப் பயன்படுத்தியமையால் அது இராணுவ இலக்குத்தான், ஆனால் அதனைத் தகர்த்தமையால் பொதுமக்கள் முற்றாகத் துண்டிக்கப்பட்டனர், அவர்தம் உள்ளமும் நொறுங்கிற்று, கிடைத்த இராணுவ நன்மைக்கு இந்தக் கேடு அளவிறந்தது, எனவே குற்றம்.

2017 நவம்பர் 29ஆம் நாள் மேன்முறையீட்டு மன்று இதனைப் புரட்டிற்று. இராணுவ இலக்கென்று ஒத்துக்கொண்டபின், திட்டமான இராணுவ நன்மை இருந்தபின், அவ்வழிவைத் தேவையற்ற அழிவு என்று கூறுவது எங்ஙனம் என்று பெரும்பான்மையோர் கேட்டனர். நீதியரசர் பவுஸ்தோ பொக்கார் இணங்கவில்லை. மற்றைய குற்றங்களுக்காக ஆறு பேரின் தண்டனையும் நிலைத்தது. அன்று எதிரிகளுள் ஒருவர் மன்றிலேயே நஞ்சருந்தி மாண்டமையால், உலகப் பத்திரிகைகள் அதனைப் பற்றியே பெரிதும் எழுதின. பாலத்தின் தீர்ப்பைக் கவனித்தவர் சிலரே.

தர்க்கத்தில் அத்தீர்ப்பு வழுவுடையதென்று சொல்ல நாம் துணியவில்லை. அவர்கள் பாலத்தைப் பாதையாக நிறுத்தார்கள். பாதையாக நிறுத்தால் தீர்ப்பு அப்படித்தான் வரும். பாதையில் படை போனால் அது இலக்கு. ஆனால் கோபுரத்தின் அடியிற் கிடந்த மரத்துண்டுகள் வேறொன்று சொல்கின்றனவே! ஊருக்குப் பெயர் கொடுத்து, ஊரையே ஈன்ற பொருளைச் சந்தைக்குப் போகும் வழியென்று மட்டும் கணக்கிடலாமா? தராசின் ஒரு தட்டில் இராணுவ நன்மை இருந்தது. மற்றைத் தட்டில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை ஒருவரும் வைக்கவில்லை.

வைப்பதற்குச் சட்டத்தில் இடமேயில்லையா? உண்டு, ஆனால் ஓட்டையோடு உண்டு. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, தவிர்க்கவியலாத இராணுவத் தேவை என்ற ஒரு கதவைத் திறந்தே வைத்தது. 1999இல் எழுந்த இரண்டாம் பின்னேடு அக்கதவைப் பாதி சாத்திற்று. பழஞ்சின்னம் தன் பயன்பாட்டினால் இராணுவ இலக்காக மாறியிருத்தல் மட்டும் போதாது. அதே நன்மையை அடைய வேறு வழியே இல்லை என்பதும் வேண்டும் என்றது. 1993இல் தாங்கி சுட்டபோது இந்தப் பின்னேடு பிறக்கவில்லை. 'வேறு வழி இருந்ததா?' என்ற கேள்வி இறுதித் தீர்ப்பின் அச்சாணியாக அமையவுமில்லை.

பாலம் மீண்டும் எழுந்தது. ஹங்கேரிப் படையின் சுழியோடிகள் ஆற்றடியிலிருந்து கற்களை வெளிக்கொணர்ந்தனர். சிதைந்த அக்கற்கள் திரும்ப வளைவேறும் நிலையில் இல்லை. ஆயினும் அவை சாட்சி சொல்லின: இரும்பும் ஈயமும் எங்கெங்கே, எவ்வாறு ஓடின என்று அவற்றின் காயங்களைப் பார்த்தே அறிந்தனர். அதே வகைக் கல்லைப் பழைய முறையிற் செதுக்கி அடுக்கினர். யுனெஸ்கோவும் உலக வங்கியும் துணை நின்றன. இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி ஆகியவற்றோடு குரோவாசியாவும் பணம் கொடுத்தது. 2004 யூலை 23ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிற்று.

புதிதாகக் கட்டியதைப் பழைய பாலம் என்று அழைக்கலாமா என்று கேட்கும் பண்டிதர்களும் உளர். அவர்களோடு வழக்காட நமக்கு நேரமில்லை. நமக்குள்ள வேலை அந்த இரண்டாம் பின்னேட்டோடு. அதில் இன்னும் சேராத நாடுகள் பல. சேர்ந்த நாடுகளிலும் எந்தக் கட்டடத்திற்கு உயர் பாதுகாப்புக் கேட்பது என்ற பட்டியலை யாரோ ஒருவர் எழுதியாகவேண்டும். எழுதாத கட்டடத்திற்கு அப்பாதுகாப்புக் கிடையாது. அடுத்த கூட்டத்திற்கு அந்தப் பின்னேட்டின் தமிழாக்கத்தைக் கொண்டுவருவோம். உங்கள் ஊரில் நூறு ஆண்டு கடந்த கட்டடம், கேணி, மடம், மதகு எவையெவை, எந்த ஆண்டில் யார் கட்டினார், எந்தக் காணியில் நிற்கின்றன என்று தாளில் எழுதி நீங்களும் கொண்டுவாருங்கள்.