நம் அண்டையிலுள்ள நாடக மேடை

ஸ்ரீராம்புரத்தில் வாழும் தமிழருக்குத் தமிழ்ப் பேச்சும், அம்மன் திருவிழாவும், தமிழ்ப் படங்களும் தெருக்கோடியிலேயே கிடைத்துவிடுகின்றன. அதனாலேயே, சில கல் தொலைவிலுள்ள கன்னட நாடக மேடை நம்மவர் பலருக்கு அயலூராக இருந்து வருகிறது. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவரை நாடகத்துக்கு அழைத்தேன். “அது அவர்கள் கலை, ஐயா. நமக்கென்ன?” என்றார். அவருடைய பேத்தி பள்ளியில் கன்னட நாடகமொன்றில் நடித்தபோதும், புரியாதென்று அவர் போகவில்லை. அதுதான் என் மனத்தை உறுத்திற்று.

கன்னடத்தில் புதிய சமூக நாடகத்துக்கு வித்திட்ட டி. பி. கைலாசம், 1884ல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் நிலவியல் பயின்று திரும்பியவர், நடுத்தர வீடுகளில் ஆங்கிலம் கலந்து வழங்கிய கன்னடத்தையே மேடையேற்றினார். ‘டொள்ளு கட்டி’ என்ற அவரது நாடகத்தில், ஏட்டுப் படிப்பில் தேறிய ஒரு மகன். தேர்வில் தவறினும் வீட்டுக்கு உதவும் மற்றொரு மகன். இவர்களுள் பொள் யார், கெட்டி யார் என்பதே கேள்வி. நம் வீடுகளிலும் கேட்கும் கேள்விதான்!

குப்பி வீரண்ணா புகழ்பெறச் செய்த குழுவோ மேடையில் யானையையே நடத்திக் காட்டியது. அக்குழுவில் நடித்த ராஜ்குமார் 1954ல் ‘பேடர கண்ணப்ப’ படத்தில் கதாநாயகரானார். அந்த வேடர் யார்? பெரியபுராணத்துக் கண்ணப்ப நாயனாரே அன்றோ!

தாகூர் நூற்றாண்டின் நினைவாக எழுந்த ரவீந்திர கலாக்ஷேத்திரம் 1963 முதல் நடைபெற்று வருகிறது. சங்கர் நாகின் நினைவாக 2004ல் ஜே.பி. நகரில் திறக்கப்பெற்ற ரங்க சங்கராவில், நாடகம் தொடங்கியபின் எவருக்கும் கதவு திறவாது. பெங்களூருப் போக்குவரத்தைக் காரணம் காட்டிப் பயனில்லை. ஒருமுறை வெளியே நின்று கற்றுக்கொண்டேன். மெட்ரோ ரயில் ஸ்ரீராம்புரத்திலேயே நிற்கிறது. முன்னதாகப் புறப்படுவது நலம்.

கண்ணப்பர் கதையைச் சொன்ன பிறகு, பெரியவர் பேத்தியுடன் கலாக்ஷேத்திரத்துக்கு வர இசைந்தார். தொடக்கத்தில் அவள் வரிக்கு வரி காதோடு பொருள் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி நாடகத்தில் அவர் திரும்பி, “சற்றுப் பேசாதிரம்மா, அவர்கள் சொல்வது காதில் விழவில்லை” என்றார்.