வலை கட்டாத வேட்டைக்காரன்

சம்பா நட்டு, பயிர் தூர் கட்டுகிற சமயத்தில் வயலில் இறங்கி, ஒரு குத்தைக் கையால் விலக்கி அடியில் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே, பழுப்பாக ஒன்று சட்டென்று தண்டுக்கு மறுபக்கம் போய் ஒளியும். விரட்டினால் தண்ணீர் மேலேயே ஓடும். அதுதான் ஓநாய்ச் சிலந்தி. பார்டோசா சூடோஅனுலேட்டா என்று அறிவியல் பெயர். வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இது வலை கட்டிக் காத்திருக்கிற ஜாதி இல்லை, ஓடிப்பிடித்துத் தின்பது. கண் மட்டும் எட்டு. முட்டைப்பையை வயிற்று நுனியில் ஒட்டிக்கொண்டே அலையும். பொரிந்ததும் குஞ்சுகள் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். இதன் உறவுக்காரச் சிலந்திகள் பல, தோப்பிலும் காட்டிலும் சருகுக்குள்ளேயே காலம் தள்ளுகின்றன. இதுவோ சேறடித்து நடவு நட்ட கொஞ்ச நாளிலேயே, வரப்புப் புல்லை விட்டு வயலுக்குள் இறங்கிவிடும். பெரும்பாலும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி பெருகுவதற்கு முன்பே.

புகையானைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டம் வட்டமாகத் தீய்ந்த வயலைப் பார்த்தவர்கள்தானே! அந்தப் பூச்சியில் ஒரு நாளைக்கு 5 முதல் 15 வரை இந்தச் சிலந்தி தின்றுவிடும்.

பிறகு ஏன் புகையான் விழுகிறது? யூரியாவை அள்ளிப்போடுவது ஒரு காரணம். இன்னொன்று, அவசரப்பட்டு அடிக்கிற மருந்து. புகையான் தன் முட்டையை இலையுறைத் திசுவுக்குள் செருகி வைக்கிறது. மருந்து அங்கே எட்டாது. வெளியே திரிகிற சிலந்திதான் முதலில் சாகும். நாலு நாள் கழித்து முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது, தின்ன ஆளில்லாத வயல் அவற்றுக்குக் கிடைக்கிறது. பைரித்திராய்டு வகை மருந்துகள் இதில் பேர்போனவை. அடித்த பிறகு புகையான் கூடுவதுதான் வழக்கம்.

அதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் சிலந்திக்கும் கணக்கு உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். மருந்துக் கடையில் போய் நின்றால், சிலந்தி எத்தனை என்று யார் கேட்கிறார்கள்? நீங்களே எண்ணிவிட்டுப் போங்கள். குத்தைத் தட்டினால் புகையான் தண்ணீரில் விழும், சிலந்தி ஓடும், இரண்டையும் எண்ணலாம். வரப்பு ஓரத்தில் மட்டும் பார்க்காமல், வயலுக்கு நடுவிலும் போய்ப் பாருங்கள். புகையான் அங்கேதான் முதலில் கூடும்.