பொத்தானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?



பத்து காவான் வட்டாரத்தில் ஒரு காலத்தில் சைக்கிள் வைத்திருந்த வீடு வசதியான வீடு. இன்று செம்பனை மரங்கள் குறைந்து தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. 2014 மார்ச் 1ஆம் நாள் பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டபின், தீவுக்கு வேலைக்குப் போய்வருவோரும் அதிகமாகிவிட்டார்கள். ஆகவே வாசலுக்கு வாசல் காடி நிற்கிறது. பல வீடுகளில் அது பழைய காடி. குடும்பத்தார் பல மாதம் மிச்சம் பிடித்து வாங்கிய காடி. அந்தக் காடியைப் பற்றி, அதிலும் அதன் ஏர்கோன் பலகையில் இருக்கும் பொத்தான்களைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

ஏர்கோன் பலகையை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு மூன்று பொத்தான்கள் வேலை செய்யும். பக்கத்தில் பொத்தான் போலவே ஒன்று இருக்கும். அதில் எழுத்தும் இராது, படமும் இராது. அழுத்தினால் அசையவும் அசையாது. அது வெறும் மூடி. இதே வகையில் விலை கூடிய காடியைப் பார்த்தால், அந்த மூடி இருந்த இடத்தில் உண்மையான பொத்தான் இருக்கும். நம் பிள்ளைகள் இதைக் கவனித்துவிடுகிறார்கள். "வசதியெல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். பொத்தானை மட்டும்தான் ஒளித்துவிட்டார்களாம். பொத்தோங் கடையில் ஒன்று வாங்கி மாட்டினால் போதுமாம்" என்கிறார்கள். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆபத்து என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பொத்தான் என்பது என்ன என்று பார்ப்போம். தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு மணி அடிக்கும். மணியா பால் வெட்டுகிறது? மணி கூப்பிடுகிறது, வேலையைச் செய்பவர்கள் ஆட்கள். ஆளில்லாத தோட்டத்தில் எவ்வளவு பலமாக மணி அடித்தாலும் ஒரு மரத்திலும் பால் இறங்காது. காடியில் உள்ள பொத்தானும் அந்த மணியைப் போன்றதுதான். அது ஒரு கட்டளையை அனுப்புகிறது. கட்டளையை நிறைவேற்றும் கருவி வேறோர் இடத்தில் இருக்கிறது.

கூப்பிட மணியே இல்லாத ஏர்கோனும் ஒரு காலத்தில் இருந்தது. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் ஏர்கோன் பொருத்திய காடியை அறிமுகப்படுத்தியது. குளிர்விக்கும் கருவி பின்பக்கத்தில் இருந்தது. அதன் அழுத்தியை நிறுத்தப் பொத்தான் கிடையாது. குளிர் வேண்டாமென்றால் காடியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, மூடியைத் தூக்கி, அழுத்தியைச் சுழற்றும் வாரைக் கையால் கழற்ற வேண்டும். பிற்பாடு, அழுத்தியை இயந்திரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் மின்காந்தப் பிடி வந்தது. அதன் பிறகுதான் ஒரு விரலால் அழுத்தி ஏர்கோனை நிறுத்த முடிந்தது. 1964ஆம் ஆண்டின் கேடிலாக் காடிகளில், ஓட்டுபவர் வேண்டிய வெப்பத்தைக் குறித்துவிட்டால் மற்றதைக் கருவியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் வந்துவிட்டது.

இனி அந்த மூடிக்கு வருவோம். அதை ஏன் வைக்கிறார்கள்? ஒரே பலகையைப் பல நாடுகளுக்கும் பல விலைகளுக்கும் பொருந்தும்படி செய்தால் தொழிற்சாலைக்குச் செலவு குறையும். நம் நாட்டின் முதல் புரோட்டோன் சாகா 1985இல் வெளிவந்தது. அது ஜப்பானின் மிட்சுபிஷி காடியை அடிப்படையாகக் கொண்டது. 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில், டைஹாட்சு மீராவைத் தழுவியது. பனி விழும் நாட்டில் சூடேற்றி இல்லாமல் காடி ஓட்ட முடியாது. நம் நாட்டில் விற்கும் சிறிய காடிகள் பலவற்றில் சூடேற்றியே வைப்பதில்லை. கருவியை எடுத்துவிட்டால் பொத்தானுக்கு வேலையில்லை. அந்த ஓட்டையை மூடி மறைக்கிறது.

ஆகவே மூடிக்குப் பின்னால் மூன்று நிலைகளில் ஒன்று இருக்கலாம். ஒன்று, எல்லாமே இருக்கும். பொத்தான் மட்டும் இராது. இரண்டு, கம்பி வரை வந்திருக்கும், கருவி இராது. மூன்று, ஒன்றுமே இராது. முதல் நிலையில் பொத்தானை மாட்டினால் பலன் உண்டு. மற்ற இரண்டிலும் பொத்தான் வெறும் அலங்காரம். கொடுத்த காசு வீண்.

எந்த நிலை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கருவி இருக்கிறதா? அதற்குக் கம்பி போகிறதா? ஃபியூசும் ரிலேயும் உரிய இடத்தில் இருக்கின்றனவா? கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அந்த வேலை தெரியுமா? நான்காவது கேள்வி புதிய காடிகளுக்கு மிக முக்கியம். அவற்றில் பொத்தான் நேரே கருவிக்குக் கட்டளை அனுப்புவதில்லை. உள்ளே இருக்கும் சிறு கணினிக்குத் தெரிவிக்கிறது. கணினியில் அந்த வேலைக்கு அனுமதி பதியப்படாவிட்டால், பொத்தானை அழுத்தினாலும் கணினி பேசாமல் இருந்துவிடும். அனுமதியைப் பதிய, காடிக் கணினியோடு பேசும் சோதனைக் கருவி வேண்டும். அதைக் கையாளப் பயின்றவரும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சில காடிகளின் பின் கண்ணாடியில் மெல்லிய கோடுகள் குறுக்கே ஓடும். அவை கண்ணாடியைச் சூடாக்கி, மூடுபனி போலப் படியும் ஈரத்தைப் போக்கும் மின் கோடுகள். அதற்குரிய பொத்தான் பெரும்பாலும் ஏர்கோன் பலகையிலேயே இருக்கும். உங்கள் காடியில் பொத்தான் இல்லை, மூடிதான் இருக்கிறது. முதலில் பின் கண்ணாடியைப் பாருங்கள். கோடுகள் இல்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். கோடுகள் இருந்தால், அவற்றின் ஓரங்களில் கம்பி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில கண்ணாடிகளில் அதே போன்ற கோடு வானொலிக்கான அலைவாங்கியாக மட்டும் இருக்கும், அது சூடாகாது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. அந்தக் கோடுகள் 15 ஆம்பியர் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். காடியின் மின்கலம் 12 வோல்ட். 12ஐ 15ஆல் பெருக்கினால் 180 வாட். வீட்டில் முன்பு எரிந்த 60 வாட் குண்டு பல்புகள் மூன்றை ஒன்றாக எரிப்பதற்குச் சமம். ஏர்கோன் பலகையில் உள்ள சின்னப் பொத்தான் இவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டதன்று. இதை அறியாமல், பின் கண்ணாடிக் கம்பியை நேரே பொத்தானுக்கு இழுத்துவந்து முறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. பொத்தான் உருகும், மெல்லிய கம்பி கொதிக்கும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தீப்பற்றும்.

இதற்குத்தான் ரிலே என்ற சிறு பெட்டி. பொத்தான் அனுப்பும் சிறு மின்சாரம் ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்குகிறது. அந்தக் காந்தம் ஒரு தடித்த இணைப்பை இழுத்து மூடுகிறது. பெரிய மின்சாரம் அந்தத் தடித்த வழியாகப் போகிறது. நடுவில் ஃபியூஸ் காவல் நிற்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர்களோடு மின்கலம், பல்பு, விசை வைத்து நாம் வகுப்பில் செய்யும் பாடமே இது. ஒரு காந்தம் மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ஃபியூஸ் அடிக்கடி எரிந்தால், எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள். அதற்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைப்பதும், காவற்காரனைத் தூங்கச் சொல்லிவிட்டுத் திருடனுக்குக் கதவைத் திறப்பது போன்ற செயல்.

இன்னும் ஒன்று. முறையாகச் செய்யப்பட்ட காடிகள் பலவற்றில், பின் கண்ணாடிச் சூடு சிறிது நேரம் கழித்துத் தானே அணைந்துவிடும். நேரம் பார்க்கும் அந்த வேலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறது. சாதாரண விசையை மாட்டினால் அணைக்க நாம்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். மறந்தால் காலையில் மின்கலம் செத்திருக்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

காடியின் முன்பலகையைக் கழற்றும்போது, முதலில் மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை எடுத்துவிட வேண்டும். மஞ்சள் நிறத்தில் இருக்கும் கம்பி இணைப்புகள் பெரும்பாலும் விபத்தில் விரியும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடவே கூடாது. பழைய கடையில் வாங்கிய பலகையின் இணைப்பு, நம் காடியின் இணைப்போடு கச்சிதமாகப் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்துவிடவும் கூடாது. வடிவம் ஒன்றாக இருந்தும் கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். அந்த வகைக் காடிக்குரிய கம்பி வரைபடத்தைப் பார்க்காமல் கை வைப்பது, பாதை தெரியாத ஆற்றில் இருட்டில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

புதிய பொத்தான் தேடுவதற்கு முன், இருக்கும் பொத்தான்களை நாம் அறிந்திருக்கிறோமா? காடி படத்துக்குள் வளைந்து சுழலும் அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கும் காற்றே சுற்றிச் சுற்றி வரும். 1997, 2015 போன்ற ஆண்டுகளில் புகைமூட்டம் நம் மாநிலத்தை மூடியபோது அது பயன்பட்டது. ஆனால் பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஐந்து பேர் ஏறி, அதை அப்படியே விட்டு நெடுந்தூரம் போனால், மூச்சில் வெளிவரும் கரியமிலவாயு உள்ளேயே பெருகும்; ஓட்டுபவருக்குச் சோர்வும் தூக்கமும் வரும். அவ்வப்போது வெளிக்காற்றை விட வேண்டும்.

ஒளிந்திருக்கும் வேலை ஒன்றும் உண்டு. முன் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பினால், காடிகள் பலவற்றில் ஏர்கோன் அழுத்தியும் தானாக ஓடத் தொடங்கும். குளிர்ந்த குழாய்களைத் தொட்டு வரும் காற்று ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு உலர்ந்து வருவதால், கண்ணாடியின் உட்புறப் படலம் விரைவில் மறையும். இரண்டாவது பாலம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி கடலுக்கு மேலே. அங்கே கொட்டும் மழையில் கண்ணாடி மங்கிவிட்டால், சுழலும் அம்புக்குறியை அணைத்து, ஏர்கோனை விட்டு, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். படலம் வெளிப்புறத்தில் படிந்திருந்தால் துடைப்பானைப் போட்டுக் குளிரைக் குறைத்தாலே போதும். கண்ணாடியின் உட்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதைக் காடியில் கூட இருப்பவர் செய்யட்டும். இந்த அறிவுக்குக் காசு செலவில்லை. ஆனால் அது உயிரைக் காக்கும்.

பெற்றோர்களே, மூடியை நெம்பிப் பார்க்கும் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள். உள்ளே என்ன என்று கேட்கும் குணம் நல்ல குணம். 2023இல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் பினாங்குப் பெருநிலத்தில், இந்தப் பத்து காவானிலேயே, மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் மையத்தைத் திறந்தது. பொத்தானின் கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிறு கணினிகளுக்கு உயிர் கொடுப்பவை இத்தகைய சில்லுகள்தாம். ஒரு காலத்தில் கரும்பும் தென்னையும் விளைந்த மண்ணில் இன்று அந்த வேலை நடக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே வாயிற்காவல் வேலைக்கு மட்டும் போனால் போதுமா? மின்சாரத்தை முறையாகக் கற்கத் தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. ஐந்தாம் ஆண்டில் கையில் எடுத்த பல்பையும் விசையையும் கீழே வைத்துவிடாமல் தொடர்ந்தால், அந்தக் கதவும் திறக்கும்.

இந்த வாரம் காடியில் ஏறும்போது, பிள்ளைகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பொத்தானும் எந்தக் கருவியைக் கூப்பிடுகிறது என்று பாருங்கள். காடியோடு வந்த கையேடு இருந்தால் அதையும் புரட்டுங்கள். மூடி இருக்கும் இடத்தில் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். நான்குக்கும் விடை கிடைத்தபின், தொழில் தெரிந்தவர் கையால் பொத்தானை மாட்டுங்கள்.